இருநூற்றைம்பது மில்லி

மார்ச் 2, திங்கள்

அணைக்கட்டு நீர்மட்ட மகாராணி, என் ஒரே அக்கா அவர்களுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் ஓர் அறிவிப்பு. பதினொரு ஆண்டுகளாக நம் குடும்பத்துக்காக இரைந்து இரைந்து உழைத்த குக்கர் விசில், நேற்றுக் காலை ஒன்பது மணி அளவில் பதவியைத் துறந்தது. துறந்த வேகத்தில் ஜன்னல் கம்பியில் மோதி, பக்கத்து வீட்டுக்காரரின் மீன் தொட்டியில் விழுந்து ஜலசமாதி ஆனது. மீன்கள் நலம். பக்கத்து வீட்டுக்காரர்தான் நலமில்லை, இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். ஆவி அடங்கும் முன்பே கரண்டியால் விசிலை நெம்பியவன் யார் என்பது குறித்து விசாரணை நடக்கிறது. விசாரணை அதிகாரி நானே என்பதால் குற்றவாளி அகப்பட வாய்ப்பில்லை.

இரண்டாவது செய்தி, சின்ன எழுத்தில்: அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்.

பயப்படாதே. பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுத வந்தேன், ஆனால் பெரிதா சிறிதா என்று எனக்கே தெரியாது. ஹோட்டலில் அம்மாவோடு சலவைப் பிரிவில் இருப்பவர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லி லீவு வாங்கியிருக்கிறாள். இறக்கம் என்பது வரை உண்மை. குடல் இல்லை. எந்த இடம் என்று கேட்காதே, எழுதினால் இந்தக் காகிதமே சிவந்துவிடும்.

சரி, எழுதாவிட்டால் உனக்கு எப்படித் தெரியும். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார், திரும்ப இருபது நாள். கூட இருக்க ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சித்தியைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு அம்மா, "ஊரக் கூட்டாத, நீ இருந்தா போதும்" என்றாள். அதனால் டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, "பதினாறு வயசு ஆச்சுல்ல, கேட்டுக்க. உள்ள தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்து கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் கீழ இறங்கி வெளிய துருத்துது. ஆறு வருஷமா இப்படியே இருந்திருக்காங்க. அதத் தூக்கிக் கட்டணும்" என்றார். நான் அவர் பின்னால் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் இருபத்தெட்டு நாள் என்பதை நான்கு முறை சரிபார்த்தேன்.

ஆறு வருடம், அக்கா. ஈரப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா உத்தரவு. "கல்யாணம் ஆகாத பொண்ணு, இதெல்லாம் கேட்டா பயந்துக்கும்" என்கிறாள். பையன் கேட்டால் பரவாயில்லையா? உன் மலையில் டவர் இல்லாதது இப்போதுதான் நல்லதாகப் படுகிறது. இதை எல்லாம் போனில் என் வாயால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
தலைமைத் துணையாள், இரவுக் காவலர், பிளாஸ்க் அமைச்சர்
(மூன்று பதவிக்கும் சம்பளம் இல்லை)


மார்ச் 5, வியாழன்

டேய் வாலு,

உன் கடிதம் இன்று காலை சாமான் ஜீப்பில் வந்தது. நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். முதல் பாதியைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதற்காக உன்னைக் கொன்றால் என்ன?

ஆறு வருடம் என்று எழுதியிருக்கிறாயே, கணக்குப் போட்டுப் பார். அதில் நாலரை வருடம் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஒரே அறையில் படுத்தோம். அடிக்கடி எழுந்து போவாள். "என்னம்மா, குழாய மூட மறந்துட்டியா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். நின்றுகொண்டே சாப்பிடுவாள், உட்கார்ந்தால் என்ன என்பேன். உட்கார்ந்தால் வலித்திருக்கும் போல.

இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று என்னோடு கோபித்துக்கொண்டு பேசாமலே என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். பாதியில் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் போகாமல் இருக்க நாடகம் ஆடுகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை நீ அவளிடம் சொல்லாதே. நானே சொல்வேன், எப்போது என்று தெரியவில்லை.

இங்கே என்னோடு இருப்பவர் லீவில் போய்விட்டார். இருபத்தி இரண்டாம் தேதிவரை மணிக்கொரு தரம் நீர்மட்டம் பார்க்க நான் ஒருத்திதான். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. எனவே நீதான் என் கண். காலண்டரைப் பார்க்காமல் டாக்டர் முகத்தைப் பார்த்துக் கேள். நர்ஸிடம் எதையும் கேள். வெட்கம் வந்தால் வரட்டும், கேட்டுவிட்டு வெட்கப்பட்டுக்கொள்.

ஒன்றையும் விடாமல் எழுது.

அக்கா


மார்ச் 7, சனி

கண்ணுக்குக் கண்ணாக நியமிக்கப்பட்ட தம்பியின் வெற்றி அறிக்கை!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் இருந்த இருபத்தி மூன்று ஓட்டைகளை எண்ணி முடித்தேன். அம்மா வெளியே வந்ததும் மயக்கத்தில் சொன்ன முதல் வார்த்தை: "துணி காயப் போட்டியா?"

இப்போது குழாய்ப் படலம். மூத்திரப்பைக்குள் ஒரு மெல்லிய டியூப் விட்டு, அதன் மறுமுனையைக் கட்டில் ஓரத்தில் ஒரு பையில் சேர்த்திருந்தார்கள். உள்ளே தையல் போட்ட இடம் வீங்கியிருக்கும், உடனே தானாகப் போக வராது, அதற்காக. அம்மா அந்தப் பைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். துண்டு நழுவும், நான் மூடுவேன். திரும்ப நழுவும். சிறுநீர் என்று பேர் வைத்தவர் யாரோ, எங்கள் அறையில் அதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

இதில் ஒரு மாநாடே நடந்தது. எதிர் அறை அம்மாள் வந்து, "எனக்குப் பத்து வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன். அஞ்சு நாள் டியூப் வெச்சிருந்தாங்க. ஒரு நாள்ல எடுக்குறாங்களா? பாத்துக்கம்மா" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். உடனே அம்மாவும் டாக்டரிடம், "அஞ்சு நாள் இருக்கட்டுமே மேடம், எனக்கு ஒண்ணும் தொந்தரவா இல்ல" என்று கெஞ்ச ஆரம்பித்தாள். டியூப் இருந்தால் பாத்ரூம் போக யாரையும் கைத்தாங்கலாகக் கூப்பிட வேண்டாம் அல்லவா, அந்த யோசனை.

டாக்டர் சிரித்தார். "முன்னாடி அப்படித்தான் வெச்சோம். டியூப் இருக்க இருக்கக் கிருமி ஏறும், நீங்க எழுந்து நடக்கவும் மாட்டீங்க. காலைலயே எடுத்துருவோம். ஆனா எடுத்தப்புறம் தானா போகுதான்னு பாக்கணும். சில பேருக்குப் போகாது, அப்ப திரும்பப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் விடுவோம். அதுல வெக்கம் ஒண்ணுமில்ல, சரியா?"

அம்மா சரி என்றாள். எதற்கும் சரி என்பாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டியூப் எடுத்தாயிற்று. எடுத்தவர் கீச் சிஸ்டர். ஷூ நடக்கும்போது கீச் கீச் என்று கத்தும், அதனால் நான் வைத்த பேர். நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். அவரே என் கையில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடியும் சார்ட்டும் கொடுத்து, "தம்பி, ரெண்டு பேரு லீவு, இந்த மாடிக்கே நான் ஒருத்திதான். அம்மா ஒவ்வொரு தடவ போனதும் எவ்ளோன்னு பாத்து எழுதி வை. கொறஞ்சாலும் எழுது, போகலன்னாலும் எழுது" என்றார். பொறுப்பைப் பார்த்தாயா! பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பெட்டியைக்கூட என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

என் சார்ட்டை நீயே பார்:

காலை 11 – 250 மில்லி
மதியம் 2 – 300 மில்லி
மாலை 5 – 250 மில்லி
இரவு 8 – 300 மில்லி
சனி காலை 6 – 250 மில்லி

அம்மா பகல் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள், இருந்தும் இப்படி ஒரு சாதனை. டாக்டர் பார்த்துவிட்டு, "அளவு பிரமாதம், மீதி இருக்கான்னு ஸ்கேன்கூட வேணாம்" என்றார். கீச் சிஸ்டர் அடியில் கையெழுத்துப் போட்டார். இன்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டோம். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதிய பேப்பரைப் பார்த்து ஒருவர் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார். சட்டம் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன்.

அம்மாவுக்கு வயிறு கொஞ்சம் உப்புசமாக இருக்கிறதாம். வாயு என்கிறாள்.

இப்படிக்கு,
மில்லி மீட்டர் மன்னன்


மார்ச் 9, திங்கள்

வாலு,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதைப் படித்ததும் கரைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

பல் தேய்க்கக்கூடக் கதவைச் சாத்திக்கொள்கிற அம்மா, அந்த ஜாடியை உன் கையில் கொடுத்தாளா?

நான் தினமும் இருபத்தி நான்கு எண் எழுதுகிறவள். படிக்கட்டில் இறங்கி, நீரில் நிற்கிற அளவுப் பலகையைப் பார்த்து, ஏறி வந்து எழுத வேண்டும். பழைய பதிவேடுகளைப் புரட்டினால் எந்தப் பக்கம் பார்த்து எழுதியது, எது அறைக்குள் உட்கார்ந்தே எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிடும். நீர் ஒருபோதும் ஒழுங்காக இருக்காதடா. நாற்பத்தேழு என்று நிற்கும், அப்புறம் ஐம்பத்தி மூன்று. பார்க்காமல் எழுதுகிறவன்தான் ஐம்பது, அறுபது, ஐம்பது, அறுபது என்று எழுதுவான்.

இருநூற்றைம்பது, முந்நூறு, இருநூற்றைம்பது, முந்நூறு. அதுவும் சொல்லிவைத்தாற்போல மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தவள்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் அந்த உப்புசம் வாயு இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா


மார்ச் 12, வியாழன்

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை. சனி இரவு முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள். விடிந்ததும் பார்த்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருக்கிறாள். "ஒண்ணுமில்லடா, கொஞ்சம் சோடா வாங்கிட்டு வா" என்றாள். நான் சோடா வாங்கப் போகாமல் ஆட்டோ பிடித்தேன். இந்த ஒன்றையாவது என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது. உடனே டியூப் போட்டார்கள். ஆயிரத்து நூறு மில்லி வந்தது. அடிவயிற்றில் ஒரு பானையை வைத்துக்கொண்டு சனி மாலை முழுக்க வீட்டில் பாத்திரம் துலக்கியிருக்கிறாள். "எப்படிம்மா தாங்குனீங்க?" என்று டாக்டர் கேட்டார். அம்மா மன்னிப்புக் கேட்பதுபோல, "வாயுன்னு நெனச்சேன் மேடம்" என்றாள்.

மறுபடி அதே அறை, அதே பை, அதே துண்டு. இந்த முறை ஒரு நாள் இல்லை. அளவுக்கு மேல் விரிந்துபோன பை சுருங்கிப் பழக நாளாகுமாம், பத்துப் பதினொரு நாளாவது டியூப் இருக்க வேண்டும். தினமும் ஊசி.

உன் கேள்விக்குப் பதில்: ஆற்றையும் அம்மாவையும் ஒன்றாக்காதே. உனக்கு எல்லாமே அளவுப் பலகையாகத் தெரிகிறது, வேலை தலைக்கேறிவிட்டது. யார் மேல் தப்பு என்பதை நானே துப்பறிந்துகொண்டிருக்கிறேன். ஜாடியில் கோடு சரியாக இருந்ததா, யாராவது மாற்றிவைத்தார்களா, இப்படிப் பல கோணங்கள்.

அதற்கிடையே ஒரு சங்கடம். டாக்டர் சார்ட்டைத் தூக்கிக்கொண்டு வராண்டாவில் கீச் சிஸ்டரைக் கூப்பிட்டார். நான் பிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இந்த நம்பரெல்லாம் நீ பாத்து எழுதினியா, இல்ல சேர்ல உக்காந்து எழுதினியா?"

"மேடம், அவங்க பையன்கிட்டக் குடுத்தேன், ஃப்ளோர் முழுக்க ஒருத்தியா பாத்துக்கிட்டு..."

"ஸ்கூல் பையன் கைல குடுத்துட்டு நீ கையெழுத்துப் போடுவியா?" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பாத்துத்தான எழுதின?"

நான் "ஆமா டாக்டர்" என்றேன்.

கீச் சிஸ்டரை அன்றே பழைய ஃபைல்கள் அடுக்குகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் வேலை இருக்குமா என்று தெரியாதாம், ஆயா சொன்னார். மாடியில் கீச் சத்தமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எண்கள் சரி என்றால், முதலில் நன்றாகப் போய்விட்டு அப்புறம் நின்றிருக்கிறது என்று அர்த்தமாம். "அப்படின்னா உள்ள தையல் எதையோ இழுத்து அடைக்குது. மயக்கம் குடுத்துத் திறந்து பாக்கணும்" என்கிறார் டாக்டர். வருகிற வியாழன், பத்தொன்பதாம் தேதி.

அம்மா அதற்கும் சரி என்றாள்.

தம்பி


மார்ச் 16, திங்கள்

தம்பி,

இந்த முறை நீ பட்டம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அதிலேயே எனக்கு விடை வந்துவிட்டது.

நானும் ஒன்று சொல்கிறேன். போன மழையில் ஒரு காலை, ஆறு மணி அளவு. படியில் பாசி, குளிர், போர்வைக்குள் கிடந்தேன். ஐந்து மணி எண்ணோடு நான்கைக் கூட்டி எழுதிவிட்டேன். ஏழு மணிக்கு இறங்கிப் பார்த்தால் நீர் முப்பது சென்டிமீட்டர் ஏறியிருந்தது. கீழே மணல் அள்ளப் போனவர்கள் தாமாகவே பார்த்து மேலே ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம். மேலதிகாரி, "ஆறு மணிக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். நான் பதிவேட்டைக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் தினமும் புதுப் பக்கத்துக்குப் போகிறேன்.

ஆக உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன் முகம் அந்த வராண்டாவில் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

ஆனால் அம்மாவை வியாழக்கிழமை மறுபடி அறுக்கப்போகிறார்கள்டா. அறுக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்காது. ஜீப் டிரைவரிடம் இதை இன்றே பட்டணத்துத் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கே உன் கைக்கு வர வேண்டும்.

சொல்லிவிடு. எப்படிச் சொன்னாலும் சரி.

அக்கா


மார்ச் 20, வெள்ளி

நீர்மட்ட மகாராணிக்கு, வெற்றி வீரன் எழுதும் மடல்.

முதலில் செய்தி. ஆபரேஷன் ரத்து! நேற்றுக் காலை ஏழு மணிக்கு டியூப் எடுத்தார்கள். பத்து மணிக்கு நூற்று நாற்பது. பன்னிரண்டரைக்கு நூற்று எண்பத்தைந்து. மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. பிறகு ஸ்கேன் செய்து பார்த்ததில் உள்ளே மீதி நாற்பத்தைந்துதான். போதுமாம். எண்கள் கோணல்மாணலாக இருப்பதைக் கவனிக்கவும். எழுதியது அம்மாவே, கீச் சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க. நாளை வீட்டுக்கு.

இதெல்லாம் எப்படி நடந்தது என்றா கேட்கிறாய்? செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தைப் படித்தேன். மடித்துப் பையில் வைத்தேன். நேராக டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். "டாக்டர், அந்தச் சார்ட் பொய். எழுதியவன் நான். நர்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள்" என்று மேஜையில் தட்டிச் சொன்னேன். டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "இந்த வயசுல இவ்ளோ தைரியமா!" என்று என் கையைப் பிடித்துக்

அக்கா, மேலே உள்ள பத்தியை அடித்துவிட்டேன், படிக்கிற மாதிரித்தான் அடித்திருக்கிறேன். எழுதிக்கொண்டே வந்தவன் பாதியில் பார்த்தால், இதுவும் பார்க்காமல் எழுதியதுதான். இனிமேல் வருவது நடந்தது.

செவ்வாய் மதியம் உன் கடிதம் வந்தது. டாக்டர் அறை வாசல்வரை மூன்று முறை போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். நான்காவது முறை அம்மா, "ஏன்டா பூனை மாதிரி சுத்துற?" என்றாள். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு நான் ஜாடியப் பாக்கல. நீ போயிட்டேன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் சும்மா ஒரு நம்பர எழுதிட்டேன். உன்கிட்ட எவ்ளோன்னு கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரிடம் பேசுவதுபோலச் சொன்னாள். "நானும் போகலடா. உக்காந்து உக்காந்து பாத்தேன், சொட்டுச் சொட்டாத்தான் வந்துச்சு. வயசுப் பையன் சார்ட்டோட வெளிய நிக்கிறான். சத்தம் கேக்கட்டும்னு குழாயத் தொறந்து விட்டுட்டு, போயிட்டேன்னு சொன்னேன்."

நான் வெளியே நின்று அந்தக் குழாய்ச் சத்தத்தைத்தான் கேட்டேன், அக்கா. பலமாகக் கேட்டால் முந்நூறு, மெதுவாகக் கேட்டால் இருநூற்றைம்பது.

அப்போதுதான் டாக்டர் ரவுண்டு வருகிற சத்தம் வராண்டாவில் கேட்டது. சொல்ல வேண்டிய நேரம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

கதவு வழியாக எல்லாம் கேட்டது. டாக்டர், "வியாழக்கிழமைக்கு ரெடியாம்மா?" என்றார். அம்மா, "மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றாள். ஆயா தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார், கதவைச் சாத்தப் போயிருப்பார்போல. "இருக்கட்டும்மா, தொறந்தே இருக்கட்டும்" என்றாள் அம்மா. சித்தியைக்கூடக் கூப்பிடக் கூடாது என்றவள். எதிர் அறை அம்மாள் வாசலில் வந்து நின்றதும் தெரிந்தது, வளையல் சத்தம். அவ்வளவு பேர் முன்னால் அம்மா சொன்னாள்: "எனக்கு அன்னிக்கு ஒண்ணுக்குப் போகவே இல்ல. போச்சுன்னு பையன்கிட்டப் பொய் சொன்னேன். அந்த நர்ஸ் பொண்ணு மேல தப்பு இல்ல, பையன் மேலயும் இல்ல."

என் மேலும் இல்லையாம். நான் வாளி மேல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சார்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம், "மொதல்லேருந்தே போகலியா? அப்ப உள்ள அடைப்பே இல்லம்மா. அன்னிக்கே சொல்லியிருந்தா திரும்ப டியூப் போட்டு ரெண்டு மூணு நாள்ல எடுத்திருப்பேன். வெக்கம் இல்லன்னு சொன்னேனே" என்றார். கோபமாக ஆரம்பித்துக் கடைசியில் குரல் இறங்கிவிட்டது. கீச் சிஸ்டரைக் கூட்டி வரச் சொன்னார். "பையன் எங்க?" என்றார்.

"வெளிய போயிருக்கான்" என்றாள் அம்மா.

எனக்காக இன்னொரு பொய். ஃபைல் அறையிலிருந்து கீச் கீச் என்று சத்தம் படியேறி வந்து, கதவுக்கு நேர் எதிரே நின்றது. அந்த ஷூவிலிருந்து நான் ஒரு கை தூரத்தில் இருந்தேன். தாழை எடுக்க என் கை வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பார்த்து எழுத என்னிடம் கடிகாரம் இல்லை.

கடைசியில் எடுத்தேன். தைரியம் வந்து இல்லை. தும்மல் வந்துவிட்டது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

வெளியே வந்தால் நான்கு பேர். டாக்டர், ஆயா, எதிர் அறை அம்மாள், கீச் சிஸ்டர். நான் தரையைப் பார்த்து, "நம்பர் நான்தான் எழுதினேன். பாக்காம. உங்ககிட்ட அன்னிக்கு ஆமான்னு சொன்னதும் பொய்" என்றேன். மேஜை எதையும் தட்டவில்லை. கீச் சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று நான் கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன். நேற்றிலிருந்து மறுபடி எங்கள் மாடியில்தான் வேலை. இன்னும் என்னோடு பேசவில்லை.

அம்மாதான் கேட்டாள், படுத்தபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி: "ஏன்டா இவ்ளோ நேரம் உள்ள? உனக்கும் அடச்சிக்கிச்சா?"

ஆயா துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார். டாக்டர் சிரித்தார். எதிர் அறை அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த வீட்டில் ஜோக் அடிப்பவன் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அன்று அடித்தது அம்மா. அம்மாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதேன், மூக்கு ஒழுக, கீச் சிஸ்டர் பார்க்க.

தம்பி